இருபது டாலரில் ஹாலோவீன் வாசல்: கேள்வி பதில்

பதினோரு வருடமாக நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசலை ஹாலோவீனுக்கு, அதாவது பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அக்டோபர் 31 இரவுக்கு, நானும் பிள்ளைகளும் கையாலேயே அலங்கரித்து வருகிறோம். செலவு ஒரு வருடமும் இருபது டாலரைத் தாண்டியதில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, கடையில் ஆளுயர எலும்புக்கூட்டின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கையில் இருபது டாலர்தான். முதலில் எதை வாங்கட்டும்?

விளக்கு. மற்ற எதையும் வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்துவிடலாம். பிள்ளைகள் வருவது இருட்டும் நேரத்தில். அப்போது கண்ணில் படுவது வெளிச்சமும் நிழலும்தான். கறுப்பு சார்ட் பேப்பரில் பூனை, வௌவால், நீண்ட விரல் உள்ள கை என்று வெட்டி ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டுங்கள். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, துணிக்குப் பின்னால் விளக்கைப் போடுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் மட்டும் தனியாகத் தெரியும். செலவு இரண்டு டாலர்கூட ஆகாது.

தீபாவளிக்கு வாங்கிய சீரியல் விளக்கு வீட்டில் இருந்தால் அதுவே போதும். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. வாசலில் கோலம், படியில் பரங்கிக்காய், இரண்டுக்கும் ஒரே சீரியல் விளக்கு. எங்கள் வாசல் அவ்வளவு அழகாக இருந்த வருடம் வேறு இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். வாசல் விளக்கு எரிந்தால்தான் 'இந்த வீட்டில் மிட்டாய் உண்டு' என்று பிள்ளைகள் படியேறுவார்கள். இருட்டு வேண்டும் என்று அதை அணைத்துவிடாதீர்கள்.

துணி பேய் செய்தேன். சோர்ந்து தொங்குகிறது, கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி இருக்கிறது. எப்படி விறைப்பாக நிறுத்துவது?

நம் அம்மாக்கள் வேட்டிக்குப் போட்ட கஞ்சிதான் இதற்கும். இங்கே ஆளுக்கொரு ரைஸ் குக்கர் இருப்பதால் வடித்த கஞ்சி கிடைக்காது. அதனால் ஒரு கப் தண்ணீரில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் கார்ன் ஸ்டார்ச்சை (வெள்ளைச் சோளமாவு) கட்டியில்லாமல் கரைத்து, பளபளப்பாகக் கெட்டியாகும் வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

உயரமான பாட்டில் ஒன்றின் வாயில், ஊதிய பலூனை டேப் போட்டு நிறுத்துங்கள். அதுதான் தலை. பாட்டிலின் கழுத்தில் கம்பியைச் சுற்றி இரண்டு பக்கமும் நீட்டினால் கை. கீழே பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள். பழைய மல் துணியையோ மெல்லிய துப்பட்டாவையோ கஞ்சியில் முக்கி, லேசாகப் பிழிந்து, மேலே போர்த்துங்கள். மடிப்பு விழவேண்டிய இடத்தை இப்போதே கையால் இழுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் உடையும். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் பலூனைக் குத்தி, பாட்டிலையும் கம்பியையும் உருவிவிடுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் துணி தானாக நிற்கும். முதல் தடவை அது நின்றபோது என் மகள் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

மழையோ பனியோ பட்டால் கஞ்சி இளகிவிடும். அதனால் கூரைக்குக் கீழேதான் வைக்கவேண்டும். உள்ளே பேட்டரி விளக்கு மட்டும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

பரங்கிக்காயில் அக்டோபர் நடுவிலேயே முகம் செதுக்கி வைத்தோம். ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து உள்ளே விழுந்துவிட்டது. பிள்ளை அழுதுவிட்டான்.

எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். செதுக்கிய காய் நன்றாக இருப்பது சில நாள், மிஞ்சினால் ஒரு வாரம். ஆகவே 28ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்காதீர்கள். முழுக் காயை முன்னாலேயே வாங்கி வாசலில் வைக்கலாம். வெட்டாத காய் வாரக்கணக்கில் தாங்கும். பண்ணைக்குப் போய்ப் பறிப்பது நல்ல அனுபவம்தான், ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு.

மேலே மூடி வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டுங்கள். விளக்கைத் தரையில் வைத்துக் காயை அதன்மேல் கவிழ்த்துவிடலாம். நாரையும் விதையையும் ஈரம் இல்லாமல் சுரண்ட வேண்டும். முகம் வரும் பக்கத்தை ஓர் அங்குலக் கனத்துக்குச் சுரண்டினால் செதுக்கவும் சுலபம், வெளிச்சமும் நன்றாக வரும். ஒரு கேலன் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் ப்ளீச் கலந்து கழுவி, காயவைத்து, வெட்டிய ஓரங்களில் வாஸ்லின் தடவுங்கள். வாஸ்லின் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் இங்கேயும் பேட்டரி விளக்குதான்.

சின்னப் பிள்ளை என்றால் கத்தியே வேண்டாம், வெட்டாமல் பெயிண்ட் அடிக்கட்டும்.

டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலில் கல்லறைக் கல் செய்தேன். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் உருகிப் பள்ளமாகிவிட்டது.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் சுவர் பெயிண்டை பிரஷ்ஷால் அடியுங்கள். ஹார்டுவேர் கடைகளில், வேறு யாருக்கோ கலந்து நிறம் தப்பிப்போன டப்பாக்களை விலை குறைத்து வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சாம்பல் நிறம் காய்ந்ததும், கறுப்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து மேலிருந்து ஒழுகவிடுங்கள். நூறு வருடப் பழைய கல் போல ஆகிவிடும்.

அபார்ட்மெண்ட். ஆணி அடிக்கக்கூடாது, வாசலும் கிடையாது.

கதவு இருக்கிறதே. டாய்லெட் பேப்பரையோ வெள்ளைக் காகிதப் பட்டையையோ குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இரண்டு பெரிய கண் ஒட்டினால் மம்மி. பெயிண்டர்கள் பயன்படுத்தும் நீல டேப்பில் ஒட்டினால் கறை வராது. வராந்தாவில் காகிதம் தொங்கவிடலாமா என்று முதலில் அபார்ட்மெண்ட் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், தீ விதிகள் இருக்கும்.

செடிகள்மேல் பஞ்சு சிலந்திவலை போடலாமா?

வெளியே போடாதீர்கள். அந்த மெல்லிய இழையில் பறவைகளும் தேனீக்களும் சிக்கிக்கொள்ளும். தடித்த வெள்ளைக் கம்பளி நூலை, நடுவே பெரிய இடைவெளி விட்டு, தூணுக்குத் தூண் கட்டுங்கள்.

மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். சாமி கும்பிடும் வீட்டில் பேய் பொம்மையா என்கிறார். என்ன சொல்வது?

அவர் மனசு நோகவேண்டாம். ஆனால் இதன் வேரைச் சொல்லிப் பாருங்கள். ஐரோப்பாவின் பழைய கெல்டிக் மக்கள் குளிர்காலத் தொடக்கத்தில் கொண்டாடிய சவ்வீன் என்ற நாளிலிருந்து வந்தது இது. பிற்காலத்தில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கில் கோரமுகம் செதுக்கி, கெட்டது அண்டாமல் இருக்க வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த அயர்லாந்துக்காரர்களுக்கு இங்கே பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. புது வீட்டு வாசலில் நாம் கட்டும் திருஷ்டிப் பூசணியின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, அடுத்த காய்க்கு மீசை வரைந்தது அவர்தான்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பேயை விடுங்கள். பரங்கிக்காய், ஆந்தை, காய்ந்த மேப்பிள் இலைத் தோரணம் போதும்.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. வாசலில் ஏதாவது அடையாளம் வைக்கலாமா?

ஒரு பரங்கிக்காய்க்கு நீலப்பச்சைப் பெயிண்ட் அடித்து வையுங்கள். இந்த வீட்டில் உணவு அல்லாத பரிசும் உண்டு என்று அதற்கு அர்த்தம். அமெரிக்காவில் 2014இலிருந்து பரவிய வழக்கம் இது. பென்சிலும் ஸ்டிக்கரும் ஒரு கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும்.

முடிந்தபின் காய்களை என்ன செய்வது? சமைக்கலாமா?

செதுக்கி வெளியே வைத்ததைச் சமைக்காதீர்கள், உரக்குழிக்குப் போகட்டும். வெட்டாமல், பெயிண்ட் படாமல் இருப்பதைச் சமைக்கலாம். ஆனால் செதுக்க விற்கும் பெரிய காயில் நீரும் நாரும் அதிகம், சாம்பாருக்கு ஓடும். கூட்டுக்கு, 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்ய விற்கும் சின்னக் காய்தான் ருசி. செதுக்கும் அன்றே எடுத்த விதைகளைக் கழுவி, காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓவனில் வறுத்துவிடுங்கள்.