சத்திரசிகிச்சை நிபுணராக ஆசையா? எந்த மருத்துவ பீடம்?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை. பதில் சொல்பவர் யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர்.

சேர், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கொழும்பை முதலாவதாகப் போடவா, யாழ்ப்பாணத்தையா? (மாணவர், பருத்தித்துறை)

தம்பி, எங்கே எம்பிபிஎஸ் முடித்தாலும் ஒரு வருடம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி செய்யவேண்டும். அதற்குப் பிறகுதான் நிபுணர்களைப் பயிற்றும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை. 1870இல் தொடங்கிய கொழும்பில் படித்தவரும், 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணத்தில் படித்தவரும் அங்கே ஒரே வினாத்தாளைத்தான் எழுதுவார்கள். ஆகவே பெயரை விடுங்கள். அந்தப் பீடத்தில் இப்போது படிக்கிற இரண்டு பேரிடம் கேளுங்கள்: ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கிறீர்கள்? சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் கை கழுவி, சத்திரசிகிச்சைக்கு உதவியாக நிற்க விடுகிறார்களா? இந்தப் பதில்களை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பழகப் போதிய நோயாளிகள் வருவார்களா? (மாணவி, சாவகச்சேரி)

நிறைய வருவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்தும் சிக்கலானவர்களை யாழ் போதனா வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார்கள். குடல்வளரி, குடலிறக்கம், வீதி விபத்து, நீரிழிவுக் கால் எல்லாம் பார்க்கலாம்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு ஐயாவின் காலுக்கு மருந்து கட்டுவதைத் தினமும் காலையில் நின்று பார்ப்பேன். முதல் கிழமை மணம் தாங்க முடியாது, ஓரமெல்லாம் கறுப்பு. மூன்றாம் கிழமை ஒருநாள் துணியை எடுத்தால், அடியில் மாதுளை முத்துப்போலச் சிவந்த சதை துளிர்த்திருந்தது. புண் எப்படி ஆறுகிறது என்று நான் படித்தது அந்தக் கட்டிலடியில்தான். அப்படி ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்கக் கிடைக்கிற இடம் நல்ல இடம்.

மகள் சத்திரசிகிச்சைதான் வேண்டும் என்கிறாள். பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா? (தாய், கோப்பாய்)

வரும் அம்மா. இரவு வேலையும் நீண்ட பயிற்சியும் ஆண்பிள்ளைக்கும் அதேதான். மார்பில் கட்டி என்று வருகிற எத்தனையோ பெண்கள், பெண் நிபுணர் இருந்தால் இன்னும் முன்னரே வந்திருப்பார்கள். மறிக்காதீர்கள்.

மருத்துவ பீட அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. வெளிநாட்டில் படிக்கலாமா? (தந்தை, வவுனியா)

காசு கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று சபையிடமே கேளுங்கள், முகவரிடம் அல்ல. திரும்பி வந்ததும் சபையின் பரீட்சையும் இருக்கிறது. இன்னொன்று: வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வாட்டில் கிடப்பவர் அந்த ஊர்ப் பாஷைதான் பேசுவார். அது விளங்காத பிள்ளை கட்டிலைச் சுற்றிச் சும்மா நிற்க நேரும்.

எனக்குச் சிங்களம் தெரியாது. தெற்கே போகப் பயமாக இருக்கிறது. (மாணவர், மானிப்பாய்)

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் உங்களுடையது. ஆனால் உள்ளகப் பயிற்சி காலியிலோ அநுராதபுரத்திலோ கிடைக்கலாம். நோயாளியிடம் 'கொஹெத ரிதென்னே', எங்கே நோகுது என்று கேட்கவாவது தெரியவேண்டும். பீடம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் படியுங்கள்.

அதுவரை வேறு என்ன செய்யலாம்? (அதே மாணவர்)

முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். அம்மாவின் தையல் நூலைக் கதிரைக் கைப்பிடியில் சுற்றி, முதலில் பார்த்துக்கொண்டு, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. இடது கையாலும் போடுங்கள். நூல் இறுகும்போது கதிரை அசையக்கூடாது.