சிஸ்கோ ரவுட்டரில் நாட் கண்காணிப்பு: கேள்வி பதில்

கேள்வி: நாட் (உள் வலையின் முகவரிகளை வெளிமுகவரிகளாக மாற்றும் வேலை) ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய முதலில் எந்தக் கட்டளையை இடவேண்டும், ஐயா?

பதில்: பலரும் முகவரி மாற்றப் பதிவுகளின் அட்டவணையைக் காட்டும் ‘ஷோ ஐபி நாட் டிரான்ஸ்லேஷன்ஸ்’ என்று தட்டிவிட்டு, திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் திகைத்து நிற்கிறார்கள். நான் ‘ஷோ ஐபி நாட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டளையைத்தான் முதலில் இடுவேன். எந்த இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு வாய்) உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்பதை அது காட்டிவிடும். புதிதாகச் சேர்த்த விலானுக்கு (தனியாகப் பிரித்த உள் வலைப்பகுதி) ‘ஐபி நாட் இன்சைட்’ கொடுக்க மறந்திருந்தால் அதன் பெயர் அந்தப் பட்டியலில் இராது.

கேள்வி: அதில் ‘மிஸ்ஸஸ்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பாக்கெட்டுகள் தொலைகின்றனவா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ‘ஹிட்ஸ்’ என்பதற்கு அருகில் வரும் மிஸ்ஸஸ், அட்டவணையில் பொருந்தும் பதிவு இல்லாததால் ரவுட்டர் புதிதாக ஒன்றை உருவாக்க முயன்ற தடவைகளைக் குறிக்கிறது. புதிய இணைப்புகள் வர வர அது ஏறத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது, கீழே பூலின் (வெளிமுகவரிகளின் தொகுப்பு) வரியில் இருக்கும் இன்னொரு மிஸ்ஸஸ். அது பூலில் முகவரி கேட்டுக் கிடைக்காமற்போன தடவைகள். (ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்து நம்மை அலைக்கழிக்கிறார்கள்.) 8 முகவரிகள் கொண்ட பூலில் ஒரே முகவரியைப் பல கணினிகள் பகிர வழிசெய்யும் ‘ஓவர்லோட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், எட்டுக் கணினிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள, ஒன்பதாவது கணினி வெளியே போக முயலும்போதெல்லாம் இந்த எண் ஏறும்.

கேள்வி: அலுவலகம் காலியான பிறகும் பதிவுகள் குறையவில்லையே?

பதில்: ஓவர்லோடில் டிசிபி (இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறை) பதிவின் இயல்பான ஆயுள் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள். இணைப்பு முறையாக முடிந்தால் ஒரு நிமிடத்தில் நீங்கிவிடும். மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டுப் போனால் முடிவுச் செய்தி வராமல் பதிவு தங்கிவிடும். இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபிக்கு 300 விநாடிதான். டிரான்ஸ்லேஷன்ஸ் கட்டளையுடன் ‘வெர்போஸ்’ சேர்த்தால் எஞ்சிய நேரம் தெரியும்.

கேள்வி: ஒரே ஒரு கணினியின் பதிவுகளை மட்டும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். செங்குத்துக் கோடு இட்டு ‘இன்க்ளூட் 192.168.10.2:’ என்று சேருங்கள். இறுதியிலுள்ள முக்காற்புள்ளியை விட்டால் 192.168.10.20 முதலியனவும் கலந்து வரும்.

கேள்வி: ‘டிபக் ஐபி நாட்’ இடலாமா?

பதில்: நெரிசல் நேரத்தில் வேண்டாம், பாக்கெட்டுக்கு ஒரு வரி வீதம் எழுதி ரவுட்டரே திணறிவிடும். தவிர்க்க முடியாதபோது, அந்தக் கணினியை மட்டும் அனுமதிக்கும் அக்சஸ் லிஸ்ட்டின் (அனுமதி விதிப்பட்டியல்) எண்ணைக் கட்டளையின் இறுதியில் சேர்த்து இடுங்கள். பார்த்து முடித்ததும் ‘அன்டிபக் ஆல்’ கொடுத்துவிடுங்கள்.