சான் மரீனோவின் வெண்கலம் இரவல் பதக்கமா?

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் தீபக் புனியாவிடமிருந்து வெண்கலத்தைப் பறித்த மைல்ஸ் அமீன் அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே மல்யுத்தம் கற்றவர். 34 ஆயிரம் பேர் வாழும் சான் மரீனோ ஆளை இரவல் வாங்கி வென்றதை அந்த நாட்டின் பதக்கம் என்று சொல்வது நியாயமா?
– வாசகர், மதுரை

பதில்: 'பறித்த' என்ற சொல்லையே முதலில் மறுக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று நடந்த 86 கிலோ ஃப்ரீஸ்டைல் வெண்கலப் போட்டியில், முடிவதற்குச் சுமார் பத்து நொடி இருந்தபோது தீபக் 2-1 என்று முன்னிலையில் இருந்தார். பிடி கொடுக்காமல் தாக்குப்பிடித்தால் பதக்கம் அவருக்குத்தான். அந்த நேரத்தில் அமீன் பாய்ந்து அவருடைய ஒரு காலைப் பிடித்தார். பிடித்ததை விடாமல் வீழ்த்தி இரண்டு புள்ளிகள் எடுத்தார். நம் தரப்பின் முறையீடு தள்ளுபடியானதால் இன்னொரு புள்ளியும் அவருக்குப் போய், ஆட்டம் 4-2 என முடிந்தது. எனக்கும் அன்று மனம் கனத்தது. ஆனால் அந்த ஒற்றைக் கால் பிடிக்கும் அவருடைய கடவுச்சீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி இரவலுக்கு வருகிறேன். அமீனின் தாய்வழி மூதாதையர் சான் மரீனோவைச் சேர்ந்தவர்கள். இத்தாலி நாற்புறமும் சூழ்ந்த, 61 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அந்த நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களில் பலர் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் குடியேறினார்கள். இன்றும் அங்கே அவர்களுக்கென்று சங்கம் இருக்கிறது. தந்தைவழித் தாத்தா நாசெம் அமீன் லெபனானுக்காக 1960 ரோம் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். சான் மரீனோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் அதே ரோமில்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. மைல்ஸுடன் பிறந்த மாலிக்கும் சான் மரீனோவுக்காகவே களமிறங்குகிறவர். குடும்பத்தின் வழியாக வந்த உரிமையை இரவல் என்று எப்படிச் சொல்வது? இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாட்டில் வாழும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றுவது இயல்பு. மக்களில் கணிசமானோர் எல்லைக்கு வெளியே வாழும் ஒரு சின்ன நாட்டுக்கு அதுவே அன்றாட வாழ்க்கை. டோக்கியோவில் துப்பாக்கி சுடுதலில் சான் மரீனோவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்று தந்த அலெஸாண்ட்ரா பெரில்லியும் பிறந்தது இத்தாலியின் ரிமினி நகரில்தான்.

உங்கள் ஐயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அமீனை மல்யுத்த வீரராக்கியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் களம். அந்தப் பெருமை அமெரிக்காவுக்கே உரியது. ஓர் எடைப் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் என்பதால், தங்கம் வென்ற டேவிட் டெய்லர் அப்போது இருந்ததால் அமெரிக்க அணியில் அமீனுக்கு இடம் கிடைப்பது மிகக் கடினமாக இருந்தது என்பதும் மெய். ஆனாலும் அவர் ஒலிம்பிக்குக்கு மட்டும் வந்து நின்றவர் அல்லர். தீபக் வெள்ளி வென்ற 2019 உலகப் போட்டியில் சான் மரீனோவுக்காக ஐந்தாமிடம் பிடித்துத்தான் டோக்கியோவுக்கான இடத்தையே பெற்றார். பதக்கம் கையில் வந்த பிறகும் விலகாமல், 2022-ல் புடாபெஸ்டில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை அந்த நாட்டின் பெயரிலேயே வென்றார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே 86 கிலோ பிரிவில் பல்கேரியாவுக்குத் தங்கம் வென்ற மகோமெட் ரமசானோவும், கிரேக்கத்துக்கு வெண்கலம் வென்ற தாவ்ரேன் குருக்லியேவும் ரஷ்யாவின் தாகெஸ்தானில் உருவாகிப் பின்னர் நாடு மாறியவர்கள். அந்த வெண்கலப் போட்டியில் குருக்லியேவிடம் தோற்றவர் அமீன். இரவல் பற்றிய உங்கள் கேள்வியை அந்தப் பரிசு மேடையைக் காட்டிக் கேட்டிருந்தால், என் பதில் வேறாக இருந்திருக்கும்.