உயிரியல் படிக்க விரும்பும் மகள் கணக்கைக் கைவிட வேண்டாம்

ஆத்தூரிலிருந்து எழுதியுள்ள தாயாருக்கு வணக்கம்.

தம்பிக்கும் தாய்மாமனுக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதிருக்க, தனக்கும் உங்களுக்கும் அக்குறை ஏன் இல்லை என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் ஓயாமல் கேட்பதாகவும், மரபியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். மாமன் மகனை மணந்ததால் மகனுக்கு இது வந்ததோ என்ற உங்கள் கலக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளின் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த வகை நிறக்குருடுக்குக் காரணமான ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மற்றது ஈடுசெய்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே; அதுவும் தாயிடமிருந்துதான் வரும், தந்தை மகனுக்குத் தருவது ஒய். உங்கள் இரண்டு எக்ஸில் ஒன்றில் அந்த மாற்றம் இருக்கிறது; ஆகவே நீங்கள் யாரை மணந்திருந்தாலும் உங்கள் மகனுக்கு இது வருவதற்கான வாய்ப்பு சரிபாதியாகவே இருந்திருக்கும். தலசீமியா என்ற இரத்த நோய் போல, இரு பெற்றோரிடமிருந்தும் ஒடுங்கு ஜீன் வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் நோய்களில்தான் உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது.

ஒரு குறை எக்ஸ் வழியே செல்கிறது என்பதை ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்துக் கண்டறிந்துவிட முடியாது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்கு நிழலிட்ட குறி என்று பல குடும்பங்களின் தலைமுறைகளை வரைந்து, குறை ஆண்களிடமே மிகுதியாக உள்ளதா, தந்தையிடமிருந்து மகனுக்கு நேராகச் செல்கிறதா, ஒரு தலைமுறையில் மறைந்து அடுத்ததில் வெளிப்படுகிறதா என்று அறிவியலாளர்கள் சரிபார்க்கிறார்கள். உங்கள் வீட்டாரைக் கொண்டு இப்படி ஒரு படம் வரையும்படி மகளிடம் சொல்லுங்கள்.

இந்தத் துறையே எண்ணிக்கையில் பிறந்தது. 1856 முதல் 1863 வரை இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்துக் கலப்பு செய்த துறவி மெண்டல், இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் எண்ணினார்; விகிதம் 2.96க்கு 1. நெட்டைச் செடிகள் 787, குட்டைச் செடிகள் 277, விகிதம் 2.84க்கு 1. பாடநூல் அச்சிடும் 3:1 இப்படி எண்ணியதிலிருந்து வந்ததே. ஒரே காயைப் பிரித்துப் பார்த்திருந்தால் அது புலப்பட்டிருக்காது. இரு பெற்றோரிடமிருந்தும் ஒடுங்கு ஜீனே வந்து சேர்வதைப் போன்றது இரண்டு நாணயங்களிலும் பூ விழுவது; அவற்றை ஒருசேரச் சுண்டி, இரண்டிலும் பூ விழுவது எத்தனை முறை என்று மகள் குறித்துவரட்டும். 20 முறை சுண்டியபோது தாறுமாறாக இருந்தது 200 முறையில் கால்பங்கை நெருங்குவதைத் தானே காண்பாள்.

அதனால்தான் பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டு ப்யூர் சயின்ஸ் எடுக்கலாமா என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. நீட்டுக்குக் கணிதம் தேவையில்லை என்பது உண்மை. ஆயினும் இன்றைய மரபியலில் புள்ளியியலும் கணினியும் இல்லாமல் வேலை நடப்பதில்லை. பயோ-மேத்ஸ் எடுத்தால் மருத்துவம், வேளாண்மை, உயிர்த் தொழில்நுட்பம், புள்ளியியல் ஆகிய எல்லா வழிகளும் திறந்திருக்கும். மரபியல் என்றாலே எம்.பி.பி.எஸ். என்று எண்ணுவது நம் பக்கத்துப் பெற்றோரின் வழக்கம். உங்கள் ஊரை அடுத்த ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ரகங்களுக்கும், பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டினத்துக்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. பெற்றோர் இனத்தின் எந்தப் பண்பு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்று பதிவேட்டில் குறித்துக் கணக்கிடுவது அங்கே அன்றாட வேலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகிறார்கள்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் ஓட்டுநர், விமானி போன்ற பணிகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. அந்த ஆசை அவனுக்குள் வேரூன்றும் முன்பே கண் மருத்துவரிடம் சோதித்து, குறையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மிகப் பெரும்பாலான படிப்புகளுக்கு அது தடையாகாது.