ஜெபிக்க நேரமே இல்லாதவர்கள் தேவனோடு நெருங்குவது எப்படி?

காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புவதால் ஜெபிக்க நேரமில்லை என்கிறீர்கள். சரி, முழங்கால் போட அமைதியான ஒரு மணி நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வரவே வராது, நானும் அப்படிக் காத்திருந்தவன்தான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்ற கர்மேல் சபைத் துறவி, மடத்துச் சமையலறையில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார், பிறகு செருப்பு தைக்கும் வேலைக்குப் போனபோதும் அதை விடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே நீங்களும் பேசலாம். அப்புறம் வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்கள்: மொத்தம் 150, தினம் 5 படித்தால் 30 நாளில் முடியும். 13ஆம் சங்கீதம் தேவனிடம் முறையிட்டுத்தான் தொடங்குகிறது, 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதனால் கோபமான நாளில் அழகான வார்த்தை தேடாமல் உள்ளதை அப்படியே சொல்லுங்கள். 119 வரும் நாளில் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள், அதில் 176 வசனம்!