நாலு மூலையையும் பார்த்தீர்களா?

பாளையங்கோட்டையில் 38 ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்த அண்ணாச்சி, படம் எடுப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, ஆளை நடுவில் நிறுத்தக்கூடாது, செல்போன் திரையில் கட்டம் போட்டுக் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்தான். அதேபோல மாமியாரை வீட்டின் முன்பக்கத் தார்சாவில் உட்காரவைத்து எடுத்தேன். படம் ஏனோ மனதுக்குப் பிடிக்கவில்லை. எங்கே தப்பு?
- குடும்பத்தலைவி, வீரவநல்லூர்

பதில்: படத்தையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். மாமியார் மேல் ஒரு தப்பும் இல்லை. இடது மேல்மூலையில் கொடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்குகிறது. வலது கீழ்மூலையில் பாதி வாளி. ஆச்சியின் தலைக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு, கொண்டையில் செருகியதுபோல. பார்க்கிறவன் கண் முதலில் துண்டுக்கு ஓடுகிறது, அப்புறம் வாளிக்கு. எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஆச்சியிடம் வந்து சேருகிறது.

எடுக்கும்போது வாளி உங்கள் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் கவனமெல்லாம் ஆச்சி மேல். லென்ஸுக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. அதற்கு மாமியாரும் ஒன்றுதான், வாளியும் ஒன்றுதான். அதனால் பொத்தானை அமுக்குமுன் திரையின் நாலு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டு விநாடி ஆகும். வேண்டாதது இருந்தால் உடனே வாளியைத் தூக்க ஓட வேண்டாம். நீங்கள் ஒரு எட்டு இடப்பக்கம் நகருங்கள், அல்லது முட்டி போட்டு உட்காருங்கள். சுவிட்ச் போர்டு தானாகவே கொண்டையை விட்டு இறங்கிவிடும்.

மகன் சொன்ன கட்டம் படத்தை நீளத்திலும் அகலத்திலும் மும்மூன்றாகப் பிரிக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கு கேமரா பிறப்பதற்கு முன்பே வந்தது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797-இல் நிலக்காட்சி ஓவியத்துக்காக எழுதிவைத்த யோசனை அது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். யோசனையை யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோவில் பிராகாரத்தில் இரண்டு பக்கமும் தூண் வரிசை ஓடுகிற இடத்தில் ஓரமாகப் போய் நின்றால் பாதிக் கோவிலை விட்டுவிட்டு வருவீர்கள். அங்கே நட்டநடுவில்தான் நிற்க வேண்டும். நேராக நம்மைப் பார்க்கிற முகத்துக்கும் நடுவிடம் பொருந்தும். பக்கவாட்டில் பார்க்கிற முகமென்றால் பார்வை போகிற பக்கம் இடம் விடுங்கள். உங்கள் ஆச்சி தெருவைப் பார்க்கிறார், நீங்களோ முதுகுப் பக்கம் சுவரைத் தாராளமாக விட்டு, முகத்தைப் படத்தின் ஓரத்தில் முட்டவைத்திருக்கிறீர்கள். கோடு சரிதான், பக்கம்தான் மாறிப்போயிற்று.

கேள்வி: என்னிடம் செல்போன் மட்டுமே இருக்கிறது. நல்ல கேமரா வாங்கிய பிறகு ஆரம்பிக்கலாமா?
- கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

பதில்: வேண்டாம் தம்பி, இன்றைக்கே ஆரம்பியுங்கள். நான் பழகியது இரவல் வாங்கிய ஆக்பா கிளிக் III கேமராவில். ஒரு ரோலில் 12 படம். ரோல் விலையும் கழுவுகிற கூலியும் நினைவில் இருந்ததால், ஒவ்வொரு படத்துக்கும் கால் மணி நேரம் நின்று பார்த்தோம். அந்தப் பன்னிரண்டை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இருட்டும்வரை 12 படம்தான். அழிக்கக் கூடாது, பதின்மூன்றாவது கிடையாது.

பெரிய கேமரா வந்தால் தப்பும் பெரிதாகும் என்பதற்கு நானே சாட்சி. கடன் வாங்கி 35 மி.மீ. கேமரா வாங்கினேன். முதல் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முதல் தாலிகட்டுவரை எடுத்து, எண் 36-க்கு வந்துவிட்டது. பிலிமைச் சுருட்டலாம் என்று குமிழைத் திருகினால் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றுகிறது. பிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை. பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். இலைகளுக்கு நடுவே அவரைத் தேடிப்போய் நின்ற அந்த நடையை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை பிலிமை நகர்த்தும்போதும் இடப்பக்கக் குமிழும் கூடச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் செல்போனில் அந்தக் கவலை இல்லை. லென்ஸை மட்டும் வேட்டி நுனியால் துடைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் படம் மங்கலாக இருப்பதற்கு விரல் எண்ணெய்தான் காரணம்.

கேள்வி: எங்கள் உம்மா சன்னலோரம் உட்கார்ந்து பாய் நெய்வார். எப்போது எடுத்தாலும் சன்னல் வெள்ளை வெளேரென்றும் உம்மா கறுப்பாகவும் விழுகிறது. விளக்கைப் போட்டு எடுத்தால் எல்லாம் தட்டையாக இருக்கிறது.
- ஒரு வாசகர், பத்தமடை

பதில்: முதலில் விளக்கை அணையுங்கள்.

கேமராவுக்கு வெளிச்சத்தை அளக்கத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. எதிரில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, சராசரியாக ஒரு நடுச்சாம்பல் வருகிற மாதிரி ஒளியைக் கூட்டிக் குறைக்கும். சன்னல் பளீரென்று இருப்பதால் மொத்தத்தையும் குறைக்கிறது; அதில் உம்மாவும் சேர்ந்து இருண்டுபோகிறார். திரையில் உம்மாவின் முகத்தைத் தொட்டீர்களென்றால் அந்த முகத்துக்கு ஏற்ப அளந்துகொள்ளும். அதுவும் போதாது. நீங்கள் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

இப்போது சன்னலுக்கு நேரே நிற்கிறீர்கள். சுவரோரமாக நடந்து, சன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போய் நில்லுங்கள். வெளிச்சம் உம்மாவின் முகத்தில் பாதிக்கு விழும், மறு பாதி நிழலில் இருக்கும். நிழல் ரொம்பக் கறுப்பாக இருந்தால், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். வேட்டியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் போதும். ஸ்டுடியோவில் நான் வெள்ளி பூசிய அட்டை வாங்கியது பிற்பாடுதான். அதுவரை என் வேட்டிதான் அந்த வேலை பார்த்தது.

பிறகு பாயைப் பாருங்கள். ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து நெய்த கோரை அது. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழும். பாய் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். விளக்கைப் போட்டு முன்பக்கமிருந்து எடுத்தால் அந்த நிழல் செத்துப்போகிறது, பாய் அச்சடித்த காகிதம்போல ஆகிவிடுகிறது. நீங்கள் தட்டை என்று சொன்னது இதைத்தான். மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட கல்யாணப் பாய் தறியில் இருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள். எழுத்துகள் பாதி நெய்து, பாதி இன்னும் நூலாக நிற்கிற நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

கைகளை எடுக்க ஒரு முழ தூரம் கிட்டப் போகலாம். முகத்துக்கு அப்படிப் போகாதீர்கள். செல்போன் லென்ஸ் அகலமானது, கிட்டப் போனால் மூக்கு பருத்து காது சிறுத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். எடுத்ததை முதலில் உம்மாவிடம் காட்டுங்கள். அவர் வேண்டாமென்று சொல்கிற படம் வேண்டாம்தான், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கேள்வி: கூந்தன்குளம் போனேன். கூழைக்கடா எல்லாம் செல்போனில் புள்ளி புள்ளியாக விழுகிறது.
- ஆசிரியை, நாங்குநேரி

பதில்: குளத்துப் பறவையைத் துரத்தாதீர்கள், ஊருக்குள் வாருங்கள். அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டுகின்றன. கீழே கோலம் போடுகிறவர், மேலே கூடு, அவ்வளவுதான் படம். பறவை பறக்க வேண்டுமென்று கைதட்டுகிறவர்களோடு சேராதீர்கள்.

கேள்வி: நான் பஸ் நடத்துநர். திருநெல்வேலியும் பாபநாசமும்தான் என் உலகம். எல்லோரும் எடுக்கிற தேர், கோபுரம், அருவி, இதையே நானும் எடுக்கிறேன். இது என் படம் என்று எப்படித் தெரியும்?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஆனித் தேரோட்டத்தன்று ஆயிரம் பேர் அதே தேரை எடுக்கிறார்கள். பாபநாசத்தில் வண்டி திரும்பி நிற்கிற அந்தப் பத்து நிமிடம், ஆள் இறங்கிய பஸ்ஸுக்குள் நிற்பவர் நீங்கள் மட்டும்தான். காலி இருக்கைகள், ஜன்னல் கம்பியில் யாரோ கட்டிவிட்டு மறந்த மஞ்சள் பை, படியில் சிந்திய பூ. உங்கள் படம் அங்கே கிடக்கிறது. பணி நேரத்தில் எடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள், அந்தப் பத்து நிமிடமே ஏராளம்.

இன்னொன்று. ஒரே இடத்தை மறுபடி மறுபடி எடுங்கள். நான் மாதம் ஒரு முறை குறுக்குத்துறைக்குப் போய் ஒரே படிக்கட்டில் நின்று ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோவிலை எடுக்கிறேன். கோடையில் மணலும் துணி துவைக்கிறவர்களும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோவில் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் எடுத்த படத்தில் மண்டபத் தூண்களில் சேறு பூசிய கோடு தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் சுமாரான படங்கள்தான். வரிசையாக அடுக்கினால் என் வீட்டுக்காரம்மாள்கூட உட்கார்ந்து பார்க்கிறாள். அவளிடம் பாராட்டு வாங்குவது லேசில்லை.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் காலையில் வண்ணார்பேட்டைப் பக்கமிருந்து ஜங்ஷனை நோக்கி நடந்தால் சூரியன் முதுகில் இருக்கும், எதிரே வருகிறவர்கள் முகத்தில் வெயில் விழும். அதே நேரத்தில் திரும்பி நடங்கள். ஆட்கள் கறுப்பு உருவங்களாகி, சைக்கிள் சக்கரக் கம்பிகள் மின்னும். பாலம் ஒன்று, நேரம் ஒன்று, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்பதுதான் உங்கள் கையெழுத்து.

கேள்வி: அப்பா போய் ஓராண்டாகிறது. வீட்டில் பழைய படங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றிலும் அவர் இல்லை. எல்லாமே அவர் எடுத்தவை. ஆக்பா கேமராதான் வைத்திருந்தார். ரேஷன் கார்டில் ஒட்டிய படம் தவிர வேறு இல்லை. பழைய படத்திலிருந்து ஏதாவது செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்தேன் அம்மா. ஆற்றுப் படித்துறையில் உங்கள் அம்மா, நீங்கள், தம்பி. மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். சூரியன் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேமராக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அப்பா அந்தப் பாடத்தை அப்படியே கேட்டிருக்கிறார். சாயங்கால வெயிலில் அப்படி நின்றால் எடுப்பவரின் நிழல் முன்னால் நீண்டு படத்துக்குள் விழும்.

அந்தக் கேமராவின் நெகட்டிவ் சதுரமானது. நாங்கள் பிரிண்ட் போடும் காகிதமோ நீள்சதுரம். எங்கேயாவது ஒரு ஓரத்தை வெட்டியாக வேண்டும். கீழே நிழல் விழுந்திருந்தால் வேலை சுலபம். நிழல் தப்பு என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போடுவோம். தேவையில்லாததை வெளியே தள்ளு என்று இத்தனை பேருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற நான், எத்தனை அப்பாக்களின் நிழலை அப்படித் தள்ளினேன் என்று கணக்கில்லை. உங்கள் படத்தில் தம்பியின் காலுக்குக் கீழே, வெட்டிய விளிம்பை ஒட்டி, கல்லின் மேல் கறுப்பாக ஒரு வளைவு தெரிகிறது. தலையின் உச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

நெகட்டிவ்கள் பத்திரமாக இருக்கின்றனவா? அலமாரி, டிரங்குப் பெட்டி, பழைய பிஸ்கட் டப்பா, எல்லாவற்றையும் தேடிப்பாருங்கள். கிடைத்தால் துடைக்காமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். எந்த லேப்பில் கொடுத்தாலும் முழுச் சதுரத்தையும் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு நூல்கூட வெட்டக் கூடாது என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள்.