துருவில் இறுகிய புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு பழைய மகிந்திரா ஜீப் உள்ளது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகே ஒரு கொட்டகையில் நான்கு ஆண்டுகள் ஓடாமல் நின்றுவிட்டது. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பு) ஆட்டம் கண்டிருப்பதால் மாற்ற வேண்டும். டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பக்கம் இரண்டு யூ போல்ட்டுகளின் நான்கு நட்டுகளும் அசைய மறுக்கின்றன. 13 ஸ்பேனரைப் போட்டு அழுத்தியதில் ஒரு நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. கேஸ் வைத்துச் சுட்டால் கழன்றுவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். சுடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: சுட வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 13 ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளில் பல போல்ட்டுகள் அங்குலக் கணக்கில்தான் இருக்கும். 5/16 அங்குல யூ போல்ட்டின் நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் 0.3 மில்லிமீட்டர் தளர்வாக உட்காருகிறது. எளிதில் சுழலும் நட்டில் அந்தத் தளர்வு தெரியாது, துருப்பிடித்த நட்டிலோ முழு விசையும் மூலைகளின் மேல் விழுந்து அவற்றை வழித்துவிடுகிறது. இடையில் யாரேனும் வேறு அளவு நட்டைப் போட்டிருக்கவும் கூடும் என்பதால், வெர்னியரால் அளந்து பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைவிட ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் இங்கே மேலானது, ஏனெனில் அது மூலையைப் பிடிக்காமல் பக்கங்களைப் பிடிக்கிறது.

அடுத்ததை மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் உள்ள டிரம்மைத்தான் அது பிடிக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய அதே நொடியில் ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் பின்சக்கரங்களை அது பிடிக்காது. நீங்களோ அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்கள். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டைகளைக் கொடுத்து, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே போங்கள். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

இனி நட்டுகளுக்கு வருவோம். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கிறது. துருவோ தான் தின்ற இரும்பைவிடச் சில மடங்கு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு இடையே இருந்த நூலிழை இடைவெளியும் அடைபட்டுவிடுவதால்தான் நட்டு பற்றவைத்தது போல நிற்கிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மரையைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். பலரும் செய்யும் பிழை, எண்ணெயை அடித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பேனரைப் போடுவது. எண்ணெய் மரைக்குள் ஊர்ந்து செல்ல நேரம் வேண்டும். காலையும் மாலையுமாக இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சிறு சிறு தட்டுகள் கொடுங்கள், அந்த அதிர்வு துருவில் விரிசல் ஏற்படுத்தி எண்ணெய்க்கு வழிவிடும். திருப்பும்போது முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். அதன் பிறகு தளர்த்துங்கள். அசையத் தொடங்கிய நட்டை ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று தளர்த்தி, சற்றே திரும்ப இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுக் கழற்றுவதே முறை.

சூடு ஏன் வேண்டாம் என்கிறேன்? சூட்டின் பயன் உண்மைதான்: 8 மில்லிமீட்டர் துளையுள்ள ஓர் எஃகு நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அந்தத் துளை ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் உங்கள் நட்டுகள் பினியன் யோக்கின் (டிஃபரென்ஷியலின் முகப்பில் கிராஸைத் தாங்கும் கவை) மேல் உட்கார்ந்திருக்கின்றன, அதன் பின்னாலேயே பினியன் ஆயில் சீல் இருக்கிறது. கிராஸ் எப்படியும் மாறப்போகிறது, அது வெந்தால் நட்டமில்லை. சீல் வெந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெய் ஒழுகும், அதைச் சரிசெய்ய இப்போதைய வேலையைவிடப் பெரிய வேலை காத்திருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்த இடத்தில் தீயைக் காட்டுவதும் ஆபத்து.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்று நாள் ஊறிய பிறகும் அசையாத நட்டையும், ஏற்கெனவே மழுங்கிய நட்டையும், மெல்லிய வட்டு பூட்டிய கிரைண்டரால் பக்கவாட்டில் பிளந்துவிடுங்கள். யூ போல்ட் விலை மலிவானது, புதிய கிராஸ் போடும்போது அதையும் புதிதாகப் போடுவதே நல்லது. யோக்கில் மட்டும் வட்டு கீறக் கூடாது. கண்ணாடி அணியுங்கள், அருகிலுள்ள பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் தகடு வைத்து மறையுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டிலும் யோக்கிலும் பெயின்டால் நேர்க்கோடு இட்டுக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள சறுக்கு இணைப்பு (பற்கள் வழியே நீண்டு குறுகும் இணைப்பு) பிரிந்துவிட்டால், இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் வருமாறு சேர்க்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வண்டி அதிரும்.

கேள்வி: ஜிப்ஸியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில் உள்ள பிளாஞ்ச் (வட்டத் தகடு) போல்ட்டுகளில் இரண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதே பருமனில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் போல்ட்டுகளைப் போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பருமன் பொருந்தினால் மட்டும் போதாது. போல்ட்டின் தலையைப் பாருங்கள்; 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது தாங்கும் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும்: முன்னது 800, பின்னது 1000. எண்ணே இல்லாத சாதாரண போல்ட் கதவுக் கீலுக்கு ஏற்றது. என்ஜினின் முழு முறுக்கு விசையும் கடந்து செல்லும் பிளாஞ்சுக்கு ஏற்றதல்ல. வெட்டிய போல்ட்டின் தலையைத் தேடி எடுத்து, அதே எண்ணும் அதே மரை இடைவெளியும் உள்ளதை வாகன உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளை மறுமுறை பயன்படுத்தாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை இறுக்கத்தைச் சோதியுங்கள்.

கேள்வி: முன்பக்க ஷாஃப்ட் மட்டும் பட்டறையில் இருக்கிறது. அது இல்லாமல் ஜீப்பை ஓட்டலாமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: இருசக்கர இயக்கத்தில் லிவரை வைத்து ஓட்டலாம். பின் ஷாஃப்ட் இருப்பதால் மேலே சொன்ன வகை ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்யும். மணலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். ஷாஃப்ட் திரும்பி வந்து பூட்டிய பிறகு கடற்கரைக்குப் போனால், அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதைக் கொண்டு கழுவ வேண்டாம்.